குலை லோரிக்கு ஒரு செய்திச் சர்வர்: எந்த வழி நமக்குத் தாங்கும்?

சுங்கை சிப்புட்டில் என் மாமா ஒரு ரேம்ப் நடத்துகிறார். செம்பனைக் குலை வாங்கும் இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சிறுதோட்டக்காரர்கள் வெட்டிப் போட்ட குலைகளைச் சின்ன லோரி போய் ஏற்றி வரும். எடைமேடையில் எடை போட்ட பின் பெரிய லோரிக்கு மாற்றி மில்லுக்கு அனுப்புவார்கள். குலையை மரத்திலிருந்து இறக்கிய நிமிடத்திலிருந்து கணக்கு ஓடத் தொடங்கிவிடும். 24 மணி நேரத்துக்குள் மில்லில் ஆவியில் வேக வைத்துவிட வேண்டும் என்பார்கள். தாமதித்தால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும், கைக்கு வரும் காசும் குறையும்.

ஆக, இந்தத் தொழிலில் செய்தி என்பது குலை அளவுக்கு முக்கியம். "இரண்டு டன் ரெடி", "லோரி கிளம்பிவிட்டது", "பாலத்துப் பக்கம் சேறு, பின் வழியாக வாருங்கள்". இவ்வளவுதான் பேச்சு. 8 லோரி, அறுபதுக்குச் சற்று மேல் சிறுதோட்டக்காரர்கள், அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் ஓர் அக்கா. மொத்தம் எழுபது கைப்பேசிகள்.

இதுவரை எல்லாம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் நடந்தது. காலை வணக்கப் படங்கள், கோயில் திருவிழா அறிவிப்பு, யார் வீட்டிலோ கருமாதி, அவற்றுக்கு நடுவே "குலை ரெடி". போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் போட்ட செய்தி அந்தக் கூட்டத்தில் அடியில் போய்விட்டது. அவருடைய குலைகள் இரண்டு இரவு சாலையோரத்தில் கிடந்தன. எடுக்கப் போனபோது பழம் பாதி உதிர்ந்திருந்தது. அவர் சத்தம் போடவில்லை. "பரவால்லப்பா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

மாமா என்னைக் கூப்பிட்டு, "நமக்குன்னு சின்னதா ஒன்னு செஞ்சு குடு" என்றார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார்: "சரி, நீ கோலாலம்பூருக்குப் போயிட்டா அதை யாரு பாக்கிறது?"

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க அளவுகோலாக வைத்திருக்கிறேன். கூடவே என்னுடையது ஒன்று: லைன் போனால் என்ன ஆகும்? செம்பனைக் காட்டுக்குள் லைன் போகத்தான் செய்யும். 2021 இறுதியில் நாட்டில் 3ஜியை நிறுத்திய பிறகு, 4ஜி எட்டாத பள்ளங்களில் கைப்பேசி நேராக 2ஜிக்கு இறங்கிவிடுகிறது, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. மேட்டுக்கு ஏறினால் திரும்பி வரும். எந்த நுட்பத்தை எடுத்தாலும் இந்த ஏற்ற இறக்கத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காமல் வேகத்தை மட்டும் ஒப்பிடுவது நமக்கு உதவாது.

புலனத்தை விட்டு வருவதில் ஒரு இழப்பு இருக்கிறது, அதை மாமாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். புலனத்தில் 2016 முதல் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் ஆகின்றன. நடுவில் இருக்கும் சர்வருக்கே உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. நாம் செய்யப்போவதில் டிஎல்எஸ் என்ற வழிப் பூட்டு இருக்கும். கைப்பேசிக்கும் சர்வருக்கும் இடையே யாரும் படிக்க முடியாது, ஆனால் சர்வரை வைத்திருப்பவர் படிக்கலாம். லோரி எங்கே, குலை எவ்வளவு என்ற பேச்சுக்கு இது போதும். குடும்பப் பேச்சுக்கு இதைப் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன்.

போலிங்: எளிது, ஆனால் விரயம்

எல்லாவற்றிலும் சுலபமான வழி, கைப்பேசியில் திறந்திருக்கும் பக்கம் சில விநாடிகளுக்கு ஒருமுறை "புதுசா ஏதாவது இருக்கா?" என்று சர்வரைக் கேட்பது. 3 விநாடிக்கு ஒருமுறை என்றால் ஒரு மணி நேரத்தில் 1,200 தடவை. எழுபது கைப்பேசி, பன்னிரண்டு மணி நேரம் என்று பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டும். அவற்றில் சில நூறு கேள்விகளுக்குத்தான் உருப்படியான பதில் இருக்கும். சர்வருக்கு இது பெரிய பாரமில்லை. ஆனால் ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்து ஒரு கிலோபைட் என்று வைத்தால், ஒரு கைப்பேசிக்கு நாளுக்கு 14 எம்பி போகும். வெட்டு வேலை செய்பவரின் டேட்டாவையும் பேட்டரியையும் இப்படிக் கரைக்க எனக்கு மனம் வரவில்லை.

லாங் போலிங் கொஞ்சம் மேல். சர்வர் உடனே பதில் சொல்லாமல் கேள்வியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செய்தி வந்ததும் பதிலாக அனுப்பும். பக்கம் மறுபடியும் கேட்கும். பழைய பிரவுசர்களில்கூட ஓடும் என்பது இதன் பலம். அடுத்து வரும் இரண்டும் இதே வேலையை ஒழுங்காகச் செய்வதால் இதில் நின்று யோசிக்கத் தேவையில்லை.

வெப்சாக்கெட்: எல்லோரும் முதலில் சொல்லும் பெயர்

உடனடிச் செய்தி என்று யாரிடம் கேட்டாலும் வெப்சாக்கெட் என்பார்கள். நியாயமான பதில்தான். 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. இன்று எல்லாப் பிரவுசரிலும் இருக்கிறது. தொடக்கம், பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும் அதே சாதாரண எச்டிடிபி கேள்விதான். "இதை வெப்சாக்கெட்டாக மாற்றலாமா?" என்று பிரவுசர் கேட்கும், சர்வர் 101 என்ற எண்ணைச் சொல்லிச் சம்மதிக்கும். அதன்பின் அதே இணைப்பில் இரு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். ஒவ்வொரு செய்திக்கும் மேல் சுமை மிகக் குறைவு. சர்வரிலிருந்து வரும் சிறிய செய்திக்கு 2 பைட் தலைப்பு. பிரவுசரிலிருந்து போவதற்கு மறைப்புச் சாவி 4 பைட் சேர்ந்து 6.

அந்தச் சிறிய செய்தி என்பதன் எல்லை 125 பைட். தமிழில் எழுதும்போது இது சுவையான கணக்கு. எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். "லோரி" என்று நாம் பார்ப்பது இரண்டு எழுத்து, கணினிக்கு அது நான்கு குறியீடு, 12 பைட். 41 குறியீட்டைத் தாண்டினால் தலைப்பில் இன்னும் 2 பைட் கூடும், அவ்வளவே. நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் செய்தியின் நீளத்தைப் பைட் கணக்கில் வெட்டினால் தமிழ் எழுத்து நடுவில் அறுபடும். வெட்டிய துண்டு செல்லாத யுடிஎஃப்-8 ஆகிவிட்டால், மறுமுனை 1007 என்ற எண்ணைச் சொல்லி இணைப்பையே மூடிவிடலாம். தமிழில் செய்திச் சர்வர் எழுதுபவர்கள் இதை ஒருமுறையாவது சோதித்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் ஏன் தயங்கினேன்?

வெப்சாக்கெட்டில் செய்தியை அனுப்பும் கட்டளை, அது போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது. பள்ளத்தில் லைன் செத்துப் போயிருக்கும், இணைப்பு திறந்திருப்பதாகவே பிரவுசர் நினைத்துக்கொண்டிருக்கும். ஓட்டுநர் "ஏற்றியாச்சு" என்று அழுத்துவார், அது கைப்பேசியின் இடைத்தேக்கத்தில் (பஃபரில்) உட்கார்ந்துகொள்ளும், திரையில் அனுப்பிவிட்டது போலத் தெரியும். இணைப்பு இறந்துவிட்டது என்று கண்டுபிடிக்க நிமிடக்கணக்கில் ஆகலாம். இதைச் சரிசெய்ய வேண்டுமானால் ஒவ்வொரு செய்திக்கும் "கிடைத்தது" என்று சர்வர் பதில் சொல்லும் ஏற்பாட்டை நாமே எழுத வேண்டும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தரத்திலேயே பிங், பாங் உண்டு. ஆனால் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டால் பிங் அனுப்ப முடியாது, சர்வர் அனுப்பினால் பிரவுசர் தானாகப் பதில் சொல்லும், அவ்வளவுதான். ஆகவே கைப்பேசிப் பக்கத்தில் நாடி பார்ப்பதும் நம் வேலை. அறுந்த இணைப்பை மறுபடி போடுவதும் நம் வேலை. விட்டுப்போன செய்திகளை எங்கிருந்து தொடர்வது என்பதும் நம் வேலை.

பாதுகாப்பில் ஒன்று கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். வேறொரு தளத்தில் இருக்கும் பக்கம் நம் வெப்சாக்கெட் சர்வரோடு இணைப்புப் போடுவதைப் பிரவுசர் வழக்கமான முறையில் தடுக்காது. கேள்வியோடு வரும் 'ஆரிஜின்' என்ற வரியைச் சர்வர் தானே படித்து, நம் தளம் இல்லையென்றால் வெளியே தள்ள வேண்டும். பிரவுசர் சேமித்து வைக்கும் குக்கி என்ற அடையாளத் துண்டை வைத்து ஆளை அடையாளம் காணும் சர்வரில் இதை மறந்தால், ஓட்டுநர் வேறெங்கோ திறந்த பக்கம் அவர் பெயரில் நம் செய்திகளைப் படித்துவிடும்.

சாக்கெட் ஐஓ போன்ற நூலகங்கள் மேற்சொன்ன சுமைகளில் பலவற்றை ஏற்றுக்கொள்கின்றன. மறு இணைப்பு, "கிடைத்தது" பதில், அறைகள், வெப்சாக்கெட் ஓடாத இடத்தில் லாங் போலிங்குக்கு இறங்குவது எல்லாம் உண்டு. ஆனால் அதன் சர்வரோடு அதன் சொந்த கிளையன்ட் (கைப்பேசிப் பக்க நிரல்)தான் பேசும், வெறும் வெப்சாக்கெட் பேசாது. அதை எடுத்தால் வருடா வருடம் இரு பக்கத்தையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். மாமாவின் கேள்வி இங்கே காதில் விழுந்தது.

எஸ்.எஸ்.இ.: பெரட்டு மாதிரி ஒரு வழி

சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் என்பதன் சுருக்கம் எஸ்.எஸ்.இ. பெரிய பேர் இல்லாததால் பலர் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். தோட்டத்தில் பெரட்டு பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். விடிகாலையில் எல்லோரும் களத்தில் நிற்பார்கள், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஒரே குரலில் வேலையைச் சொல்வார். யாருக்காவது சொல்ல வேண்டியது இருந்தால் தனியாகப் போய்ச் சொல்வார்கள். எஸ்.எஸ்.இ.யும் இதே ஏற்பாடுதான். சர்வரிலிருந்து பிரவுசருக்கு ஒரு வழி மட்டும் திறந்தே இருக்கும். பிரவுசர் ஏதாவது அனுப்ப வேண்டுமானால், படிவத்தை நிரப்பி அனுப்புவது போல ஒரு சாதாரண போஸ்ட் கேள்வி.

அனுப்பும் வடிவம் அவ்வளவு எளிது. ஒரு வரியில் எண், அடுத்த வரியில் செய்தி, பிறகு ஒரு வெற்று வரி. முழுக்க யுடிஎஃப்-8 எழுத்து, தமிழுக்குத் தொல்லையே இல்லை. அந்த எண் வரியில்தான் விஷயம் இருக்கிறது. லைன் போய்த் திரும்பி வந்ததும் பிரவுசர் தானே மறுபடி இணைப்புப் போடும், கடைசியாகப் பார்த்த எண்ணையும் தானே சொல்லும். "நான் 87 வரை பார்த்தேன்" என்றால், சர்வர் 88லிருந்து கொடுக்க வேண்டியதுதான். நாம் எழுத வேண்டியது, செய்திகளை எண்ணோடு எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் சேர்த்து வைத்து, அந்த எண்ணுக்கு மேற்பட்டதை எடுத்துத் தரும் ஒரு வரி. வெப்சாக்கெட்டில் நான் கையால் கட்ட வேண்டியதில் பாதி இங்கே பிரவுசரிலேயே இருக்கிறது.

அனுப்புவது தனி போஸ்ட் கேள்வியாக இருப்பதும் நமக்கு நல்லதே. போனால் போனது என்று சர்வரின் பதில் சொல்லும், போகாவிட்டால் பிழை வரும், திரையில் சிவப்பாகக் காட்டலாம். இதில் ஒரு பள்ளம் உண்டு. செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் திரும்பும் முன் லைன் அறுந்தால், கைப்பேசி மறுபடியும் அனுப்பும். "இரண்டு டன் ரெடி" இரண்டு தடவை விழும், அக்கா இரண்டு லோரி அனுப்பிவிடுவார். அதனால் ஒவ்வொரு செய்திக்கும் கைப்பேசியே ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து அனுப்ப வேண்டும். ஏற்கெனவே வந்த அடையாளம் என்றால் சர்வர் புதிதாகச் சேர்க்காமல் "சரி" என்று மட்டும் சொல்லும். இந்த ஏற்பாடு வெப்சாக்கெட்டுக்கும் வேண்டும், எதற்கும் வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய எச்டிடிபி 1.1இல் ஒரு தளத்துக்குப் பிரவுசர் ஆறு இணைப்புதான் தரும். அக்கா ஏழு டேப் திறந்து வைத்தால் ஏழாவது அப்படியே நின்றுவிடும். முன்னால் எச்டிடிபி 2 பேசும் சர்வர் இருந்தால் இந்தத் தொல்லை போய்விடும், ஒரே இணைப்புக்குள் பல ஓட்டங்கள் ஓடும். தானாக மறு இணைப்பு என்று சொன்னதிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. லைன் அறுந்தால் தானாகப் போடும், ஆனால் சர்வர் பக்கத்திலிருந்து 502 போன்ற பிழை வந்தால் முயற்சியை அடியோடு நிறுத்திவிடும். நான் சர்வரை மறு தொடக்கம் செய்த பத்து விநாடியில் இணைய முயன்ற கைப்பேசிகள் இப்படித்தான் ஊமையாகும். இணைப்பு மூடிவிட்டதா என்று பார்த்து, மூடியிருந்தால் புதிதாகப் போட நாலு வரி ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அப்படிப் புதிதாகப் போடும்போது கடைசி எண்ணைப் பிரவுசர் மறந்துவிடும். அதை முகவரியோடு நாமே சேர்த்து அனுப்ப வேண்டும்.

யாரும் பேசாத நேரத்தில் நடுவில் இருக்கும் பெட்டிகள் இணைப்பை அறுத்துவிடாமல் இருக்க, 15 விநாடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுக் குறிப்பு வரி அனுப்பினால் போதும். முக்காற்புள்ளியில் தொடங்கும் வரியைப் பிரவுசர் படித்துவிட்டுப் போட்டுவிடும்.

இன்னொன்று. பலர் கையில் ஏற்கெனவே ஒரு மலிவான பகிர்வு ஹோஸ்டிங் இருக்கும், கோயில் பக்கத்துக்கோ கல்யாண அழைப்புக்கோ வாங்கியது. அதில் பிஎச்பி மொழியில் எஸ்.எஸ்.இ. எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். அங்கே திறந்திருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வேலையாள் புரோசஸ் கட்டிப்போடப்படும். எழுபது பேர் வருமுன்பே தளம் நின்றுவிடும். நோட் ஜேஎஸ், கோ போன்றவற்றில் சும்மா திறந்திருக்கும் எழுபது இணைப்பு ஒரு பொருட்டே இல்லை. 1 ஜிபி நினைவகம் உள்ள சிறிய விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) தாராளம்.

மற்ற இரண்டு

கருவிகள் சின்னச் செய்திகள் அனுப்பிக்கொள்ளும் எம்க்யூடிடி என்ற முறையையும் யோசித்தேன். 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவானது, மோசமான லைனுக்காகவே பிறந்தது. செய்தி சேர்ந்ததை உறுதி செய்யும் மூன்று தரங்கள் அதில் உண்டு. லோரியில் கருவி பொருத்தி இடத்தை அனுப்புவதென்றால் இதைத்தான் எடுப்பேன். ஆனால் பிரவுசர் எம்க்யூடிடியை நேராகப் பேசாது, வெப்சாக்கெட்டுக்குள் வைத்துத்தான் பேச வேண்டும். பழைய செய்திகளைப் புரட்டிப் பார்க்கவும் வழி இல்லை. மனிதர்கள் பேசிக்கொள்ளும் பலகைக்கு அது சரியான கருவி இல்லை.

எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ் போன்ற முறைகளில் ஓடும் தயார் செய்திச் சர்வர்களை நிறுவுவது இன்னொரு வழி. அவை முதிர்ந்தவை, பாதுகாப்பானவை. ஐந்நூறு பேர் உள்ள கூட்டுறவுச் சங்கம் என்றால் அதைத்தான் சொல்வேன். அறுபது வயதுப் பெரியவரிடம் புதுச் செயலியைக் கொடுத்துக் கணக்குத் திறக்கச் சொல்வதைவிட, புலனத்தில் வந்த ஒரு இணைப்பை அழுத்தினால் திறக்கும் பக்கம் எங்களுக்கு ஒத்துவரும்.

பூட்டு எங்கே போடுவது

டிஎல்எஸ் இல்லாமலே ஓட்டலாமா, குலைக் கணக்கில் என்ன ரகசியம் என்று கேட்டவர்கள் உண்டு. விலையும் எடையும் ஆட்களின் தொலைபேசி எண்ணும் ரகசியம்தான். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் வியாபாரம் செய்பவர்களுக்குப் பொறுப்பு வைத்திருக்கிறது. அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே கூடாது என்று மாமாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அது தவிர, பிரவுசரே விடாது. அறிவிப்பு அனுப்பத் தேவையான சர்வீஸ் வொர்க்கர் (பின்னால் ஓடும் ஸ்கிரிப்ட்), கைப்பேசியின் இருப்பிடம் எல்லாம் எச்டிடிபிஎஸ் பக்கத்தில், அதாவது டிஎல்எஸ் உள்ள பக்கத்தில்தான் வேலை செய்யும்.

இந்தப் பூட்டுக்கு, இது நம் தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் ஒரு சான்றிதழ் வேண்டும். அதைப் போட மூன்று வழி உண்டு. நாமே கையெழுத்திட்ட சான்றிதழ், நம் புரோகிராமுக்குள்ளேயே வைக்கும் சான்றிதழ், முன்னால் நிற்கும் ஒரு சர்வரிடம் விடுவது.

முதலாவதை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டேன். பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும், "பரவாயில்லை, உள்ளே போ" என்று அழுத்தச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படிப் பழகிய விரல் நாளைக்கு வங்கிப் பக்கத்திலும் அதையே அழுத்தும்.

இரண்டாவதை நான் முன்பு செய்திருக்கிறேன். ஊரில் ஒரு டியூஷன் நிலையத்துக்கு வெப்சாக்கெட் அறிவிப்புச் சர்வர் எழுதினேன். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் 90 நாள் செல்லும். காலாவதியாக ஒரு மாதம் இருக்கும்போது அது தானாகப் புதுப்பிக்கப்பட்டு டிஸ்க்கில் புதிய கோப்பு வந்துவிட்டது. ஆனால் என் புரோகிராம் தொடங்கியபோது படித்த பழைய சான்றிதழையே நினைவகத்தில் வைத்துக்கொண்டிருந்தது. தொண்ணூறாவது நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விடாத மழை, வகுப்பு ரத்து என்று சொல்ல வேண்டிய நேரம். எல்லாக் கைப்பேசியிலும் சிவப்புத் திரை. பிள்ளைகள் நனைந்துகொண்டு வந்து பூட்டிய கதவின் முன் நின்றார்கள். கோப்பைப் பார்த்தால் புதிய தேதி இருக்கிறது, பிரவுசர் பழைய தேதியைக் காட்டுகிறது. காரணம் புரிய எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மறு தொடக்கம் செய்ததும் சரியானது.

இந்த ஆபத்து இனி கூடத்தான் செய்யும். பொதுச் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சில் அதிகபட்சம் 47 நாள் என்று ஆக்கப்போகிறார்கள். காலாவதியாகப் போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. கையால் பார்த்துக்கொள்ளலாம் என்ற காலம் முடிந்தது.

அதனால் மூன்றாவது வழி. முன்னால் ஒரு ரிவர்ஸ் பிராக்சி நிற்கும், டிஎல்எஸ் முழுக்க அதன் பொறுப்பு. நம் புரோகிராம் அதே கணினிக்குள் வெளியே தெரியாமல் ஓடும். இந்த வேலைக்கான என்ஜின்எக்ஸ், கேடி என்ற இரண்டு மென்பொருளையும் வைத்துப் பார்த்தேன். என்ஜின்எக்ஸ் திறமையானது, ஆனால் சொல்லிக் கொடுக்க வேண்டியது அதிகம். வெப்சாக்கெட்டுக்கு 'அப்கிரேட்' வரிகளை எழுத வேண்டும். எஸ்.எஸ்.இ.க்கு இடைத்தேக்கத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் செய்திகள் சேர்ந்து சேர்ந்து வரும். உள்ளேயிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் இணைப்பை அறுப்பது அதன் இயல்பு. டியூஷன் சர்வரை ஒருமுறை அதன் பின்னால் வைத்தபோது மதிய நேரத்தில் மட்டும் எல்லோரும் அறுந்துபோனார்கள், ஏனென்றால் மதியத்தில்தான் யாரும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்கள். கேடியில் தளத்தின் பெயர் ஒரு வரி, உள்ளே எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி. சான்றிதழை வாங்குவது, புதுப்பிப்பது, புதியதை உடனே எடுத்துக்கொள்வது, எச்டிடிபி 2 எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு பெரிய நிறுவனத்தின் சர்வர் அறைக்கு வேறு கணக்கு இருக்கலாம். நான் ஊரில் இல்லாதபோதும் ஓட வேண்டிய ரேம்ப் அலுவலகத்துக்குக் கேடிதான்.

சர்வரை மாமா அலுவலகத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் வைக்கலாமா என்றும் பார்த்தோம். அங்கே உள்ள இணைய இணைப்புக்கு நிலையான முகவரி இல்லை, மழை இடித்தால் மின்சாரமும் போகிறது. விபிஎஸ் எடுத்தோம்.

நான் எடுத்த முடிவு

கேடி முன்னால், நோட் ஜேஎஸ்ஸில் எஸ்.எஸ்.இ.யும் போஸ்ட்டும், எஸ்கியூலைட்டில் எண்ணிட்ட செய்திகள். மொத்தம் முந்நூறு வரிக்குள் அடங்கியது. வெப்சாக்கெட் தவறு என்று நான் சொல்லவில்லை. ஒருவர் தட்டச்சு செய்வதை மற்றவர் பார்க்க வேண்டும், விநாடிக்கு நாலு தடவை இடம் நகர வேண்டும், குரலோ படமோ ஓட வேண்டும் என்றால் யோசிக்காமல் அதற்குப் போங்கள். இங்கே ஒருவர் நாளுக்கு ஐந்தாறு செய்தி அனுப்புகிறார், நூறு செய்தி படிக்கிறார். அந்த அளவுக்கு ஒரு வழிப் பாதை போதும், அறுந்தால் தானே எழுந்துகொள்ளும் பாதை வேண்டும்.

இரண்டாலும் ஆகாத ஒன்று இருக்கிறது. திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டதும் கைப்பேசி சற்று நேரத்தில் பக்கத்தைத் தூங்க வைத்துவிடும். அப்போது வெப்சாக்கெட்டும் அறும், எஸ்.எஸ்.இ.யும் அறும். ஓட்டுநரை எழுப்ப, பக்கம் தூங்கும்போதும் வரும் வெப் புஷ் அறிவிப்பு வேண்டும். ஆண்ட்ராய்டில் அது வெகு நாளாக உண்டு. ஐபோனில் 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4 முதல், பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்திருந்தால் மட்டும் வரும். அக்கா ஒவ்வொருவர் கைப்பேசியையும் வாங்கி அதைச் சேர்த்துக் கொடுத்தார்.

பழைய கைப்பேசிகளில் ஒரு சிக்கல் வந்தது. ஆண்ட்ராய்ட் 7.1.1க்கு முந்தையவற்றுக்கு லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழ் தெரியாது. அவற்றுக்காக வைத்திருந்த இடைக்கால ஏற்பாடும் 2024 செப்டம்பர் இறுதியில் முடிந்துவிட்டது. எங்கள் எழுபதில் மூன்று அப்படிப்பட்டவை, பிள்ளைகள் பயன்படுத்தி முடித்துப் பெரியவர்கள் கைக்கு வந்தவை. அந்த மூவருக்காகப் பூட்டைத் தளர்த்துவது சரியில்லை. அவர்கள் அலுவலகத்துக்கு அழைத்துச் சொல்கிறார்கள், அக்கா அவர்கள் பெயரில் பலகையில் போடுகிறார். மூன்று பேரில் ஒருவர்தான் இரண்டு இரவு குலையைச் சாலையோரத்தில் விட்டவர். அவருக்கு மாமாவே ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு லோரியை வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தோம். நான் ஒரு ஓட்டுநர் அண்ணனோடு ஏறிக்கொண்டு, லைன் எட்டாத பள்ளத்துக்கு வேண்டுமென்றே போனேன். திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி சாம்பலாயிற்று. அவர் "ஏற்றியாச்சு, 1.8 டன்" என்று அழுத்தினார், செய்தி சிவப்பாக நின்றது. இருபது நிமிடம் குலை ஏற்றினார்கள். வண்டி மேடேறி ரப்பர் மரங்கள் மிச்சமிருக்கும் வளைவுக்கு வந்ததும் புள்ளி பச்சையானது. இடையில் வந்த 88, 89, 90, 91 வரிசையாக விழுந்தன, அவருடையது 92ஆகப் போய் நின்றது. 90இல் அக்கா எழுதியிருந்தார்: "பாலத்துப் பக்கம் வராதீங்க, தண்ணி ஏறிடுச்சு." அண்ணன் கியரை மாற்றிப் பின் வழிக்குத் திருப்பினார்.